கவலை குறைந்த இனம்

கனி சிரித்தாள். சுயம்பு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டில் சோறு ஆறிக்கிடந்தது. கண் சன்னலில் இருந்தது. சன்னலுக்கு அப்பால் தேரி. நனைந்து கறுத்த செம்மணல் மேடுகள்.

“என்ன?” என்றான்.

“ஈசல்.”

“எங்க?”

“இங்க இல்ல, அங்க. எல்லாம் வெளிய வந்துட்டுது. வயிறு முட்டத் திங்குதுக.” அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். வாயில் எதுவும் இல்லை. “எனக்குப் போதும், அத்தான்.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். சாளை மீன் குழம்பு அவன் வைத்தது. அவள் தொட்டிருக்கவில்லை.

அவளுடைய வலது காதுக்குப் பின்னால் பயறளவு ஒரு மேடு உண்டு. உயிரின வாரியம் பதித்தது. தேரிப் பல்லி ஒவ்வொன்றின் முதுகிலும் கடுகளவு ஒரு பொட்டு. பல்லியின் சூடும் பசியும் பயமும் நிறைவும் பொட்டிலிருந்து மேட்டுக்கு வந்து சேரும். பதிலாள் சட்டப்படி மிக அருகிய இனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதர். அந்த இனத்தின் சார்பில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவர். நீர்நாய்க்கு எங்கோ ஒரு ஆசிரியர் இருந்தார். ஒரு கழுகுக்கு வடக்கே ஒரு லாரி ஓட்டுநர். தேரிப் பல்லிக்குத் தங்கக்கனி.

வாரியத்து ஆட்கள் ஆள் கேட்டு ஊருக்கு வந்தபோது அவள் நூலகத்தில் வேலை பார்த்தாள். புத்தகம் எடுக்க யாரும் வராத நூலகம். பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவள் கை தூக்கினாள். வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். “பல்லிதானே,” என்று அவனும் சிரித்தான்.

முதலில் அவள் பகலில் தூங்கத் தொடங்கினாள். பிறகு சூடாக எதையும் சாப்பிட முடியவில்லை. பின்னாலிருந்து வந்து தோளில் கை வைத்தால் உடம்பு முழுக்க ஒடுங்கினாள். “மேலேருந்து நெழலு விழுந்தா அதுகளுக்குப் பருந்து,” என்று விளக்கினாள். அதிலிருந்து அவன் முன்னால் வந்து நின்று, அவள் பார்த்த பிறகே தொட்டான். அதற்குள் தொடும் ஆசை பாதி போயிருக்கும்.

இவற்றை அவனால் பொறுக்க முடிந்தது. அடுத்து வந்த பங்குனியைப் பொறுக்க முடியவில்லை.

ஒரு பிற்பகல் வேலையிலிருந்து வந்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கால் விரல்கள் விரிந்து மடங்கின. முகம் பாதி தெரிந்தது. கல்யாணமான முதல் வருடம் அவன் பார்த்த முகம். அதன் பிறகு பார்க்காதது.

“கனி.”

அவள் திரும்பவில்லை.

“ஏளா, கனி.”

“ம்.”

“யாரு?”

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்ன என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் கண் திறக்கவில்லை.

“யாருன்னா? அது ரெண்டு பல்லி. அதுக்குப் பேரா இருக்கு?”

அவன் வெளியே நடந்தான். தேரியில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. உடை என்ற முள்மரத்தடியில் ஒன்று வளையிலிருந்து தலையை நீட்டியிருந்தது. மணல் நிறம். விரல் நீளம். இமையில்லாத கண். அது தன் நாக்கால் தன் கண்ணை நக்கிக்கொண்டது. அவனைப் பார்த்தது, அல்லது பார்க்கவில்லை. அவன் மிதித்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் தரையில் குந்தி, விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“யாரோ மிதிச்சுட்டான்,” என்றாள்.

அவன் நின்றான். அவள் பார்வை அவன் முகத்திலிருந்து காலுக்கு இறங்கியது. அங்கேயே இருந்தது.

“செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க,” என்றாள்.

அவன் குழாயடியில் செருப்பைக் கழுவினான். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவினான்.

மறுநாள் திருச்செந்தூருக்குப் போனான். வாரியத்தின் மருத்துவர் ஹெப்சிபா அங்கேதான் இருந்தாள். மேட்டைப் பதித்தவள் அவள். மாதம் ஒருமுறை கனியைச் சோதிப்பவளும் அவள். சின்ன வயது. அவனை உட்காரச் சொன்னாள்.

“அத எடுத்துருங்க, டாக்டரம்மா.”

“அக்கா சம்மதிச்சாங்களா?”

“அவ மாட்டா.”

“அப்ப முடியாது அண்ணாச்சி. அவங்க உடம்பு, அவங்க முடிவு.”

“அவ ஒடம்புல அவ இல்லையே. அதுகள்லா இருக்கு.”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“எண்ணிக்கைய மெசினே சொல்லுமே,” என்றான். “எதுக்கு மனுசன்?”

“மெசின்ல வர்ற நம்பர மாத்தலாம். மாத்தியிருக்காங்க. இருக்குற பறவைய இல்லைன்னு எழுதி ஒரு ஏரியவே வித்தாங்க. வலிக்குதுன்னு ஒரு ஆளு வந்து நின்னு சொன்னா அத மாத்த முடியாதில்லையா? அதுக்குத்தான் இந்தச் சட்டம்.”

“வலிக்கிறது மட்டுமா வருது?”

அவள் புரிந்துகொண்டாள். முகம் லேசாகச் சிவந்தது. “எல்லாம்தான் வரும்,” என்றாள். “பிரிச்சு எடுக்க எங்களுக்குத் தெரியல.”

மின்விசிறி சுற்றியது.

“வேற வழியே கெடையாதா?”

“ரெண்டு இருக்கு. இனமே அழிஞ்சுபோனா பதிலாள் தேவையில்ல.”

“அழிஞ்சா அவளுக்கு?”

“ஒவ்வொண்ணு சாகுறதும் அவங்களுக்குத் தெரியும். கடைசி ஒண்ணு சாகும்போது அவங்க என்ன ஆவாங்கன்னு யாருக்கும் தெரியாது. இன்னும் எங்கயும் அப்படி நடக்கல.”

அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ரெண்டாவது?”

“பெருகணும். இனி அழியாதுன்னு, கணக்கெடுப்புல கவலை குறைந்த இனம்னு வந்துட்டா வேலி இருக்கும், காவல் இருக்கும். பதிலாள் மட்டும் இருக்க மாட்டாங்க. நானே எடுத்துருவேன். அதுக்குச் சம்மதம் கேக்க வேண்டியதில்ல.”

“ஏன் கொறஞ்சுது அது?”

“மணல்தான். காத்துல நகர்ற மணல்லதான் அது வளை தோண்டும், முட்டையிடும். மணல் இறுகுனா வளை மூடிக்கும். உங்க ஊர்ல ஓலைத் தட்டி வச்சு, மரம் வச்சு, தேரியைக் கட்டிப்போட்டுட்டாங்க.”

“நாந்தான்,” என்றான் சுயம்பு.

“என்ன?”

“கட்டுனது. அதான் எனக்குத் தொழிலு.”

அவன் அப்பா காலத்தில் தேரி ஊரைத் தின்றுகொண்டிருந்தது. ஆனி ஆடிக் காற்றில் ஒரே நாளில் தோட்டம் மூடிப்போகும். பனையோலையைத் தட்டியாகப் பின்னி, உடைக் குச்சியில் கட்டி, காற்றுக்குக் குறுக்கே வரிசையாக நட்டால் மணல் அதன் பின்னால் குவியும். குவிந்தது இறுகும். இறுகிய இடத்தில் கொல்லாமரம் வைப்பார்கள். அந்தப் பக்கத்தில் முந்திரிக்கு அதுதான் பெயர். சுயம்பு நட்ட தட்டி சாயாது என்பார்கள். நான்கு ஊர்களுக்கு மணல் கட்டியிருந்தான்.

பேருந்தில் திரும்பும்போது அதையே யோசித்தான். மணலைக் கட்டினான். பல்லி குறைந்தது. குறைந்ததால் சட்டம் வந்தது. சட்டம் அவளை எடுத்துக்கொண்டது. திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

மறுவாரம் கோடாரியோடு தன் கொல்லாந்தோப்பில் இறங்கினான்.

பக்கத்துத் தோட்டக்காரன் அருஞ்சுனை சத்தம் கேட்டு ஓடிவந்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“என்னவே செய்யுதீரு? காய்க்கிற மரம்லா!”

“ஆமா.”

“கிறுக்கு பிடிச்சிட்டா?”

சுயம்பு அடுத்த மரத்துக்கு நகர்ந்தான்.

“பொண்டாட்டிக்காகக் கோயிலு கட்டுவான், மாளிகை கட்டுவான். மரத்த வெட்டுதவன இப்பந்தான் பாக்கேன்.” அருஞ்சுனை வரப்பில் உட்கார்ந்தான். “பொம்பளைக்குன்னா சக்களத்தின்னு ஒரு பேரு இருக்கு. ஒமக்கு வந்திருக்கதுக்குப் பேரே கெடையாதே வே. அதுவும் கூட்டமாலா வந்திருக்கு.”

“போவியா?”

“போறேன். மணலு எந் தோட்டத்துக்கு வந்துதுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

மரங்கள் விழுந்தன. வேர்களைத் தோண்டினான். தன் கையால் நட்ட தட்டிகளைத் தன் கையால் பிடுங்கினான். தேரிச் சரிவில் வாரியத்து நிலத்தில் இருந்தவற்றைப் பிடுங்க ஹெப்சிபா அனுமதி வாங்கித் தந்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

கனி கேட்டாள். ஒரு மாலை தோப்பின் நடுவே வந்து நின்றாள். தோப்பு இல்லை. குழிகள் இருந்தன.

“அதுகளுக்காகவா வெட்டுதிய?”

“ஆமா.”

அவள் அவன் கையைப் பிடித்தாள். தோலுரிந்த உள்ளங்கை. அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். யாருக்காக வந்த நன்றி அது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கையை எடுக்கவில்லை.

ஆனியில் காற்று எழுந்தது. கட்டவிழ்ந்த மணல்மேடு முதலில் புகைந்தது. பிறகு நடந்தது. தோப்பு இருந்த இடம் ஒரு பருவத்தில் சிவப்பாக நிரவிப்போனது. மணல் அவன் வீட்டுக் கொல்லைச் சுவரேறியது. அருஞ்சுனையின் கிணற்றுமேடு பாதி புதைந்தது. அருஞ்சுனை பேசுவதை நிறுத்தினான். சுயம்புவை வேலைக்குக் கூப்பிடுவதை நான்கு ஊர்களும் நிறுத்தின.

பல்லிகள் பெருகின. வாரியத்து ஆட்கள் வந்து குஞ்சுகளுக்குப் பொட்டு வைத்துப் போனார்கள். அடுத்த கோடையில் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை கூடுதல் ஆட்களோடு.

கனி இன்னும் தூரம் போனாள். அவன் இதை எதிர்பார்த்திருக்கவில்லை.

“முன்ன ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியும்,” என்றாள் ஒரு நாள். “இப்ப கடலு மாதிரி இருக்கு, அத்தான். எங்க ஆரம்பிக்குன்னு தெரியல.”

“நல்லாருக்கா?”

“ஒங்களுக்கு எப்படிச் சொல்ல?”

சொல்ல வேண்டாம் என்று நினைத்தான். அவள் முகத்திலேயே இருந்தது. அவன் மருந்து ஊற்ற ஊற்ற நோய் கொழுத்தது. ஊரார் பார்த்தால் பல்லிக்குத் தொண்டு செய்பவன். அவன் மாலைதோறும் சரிவில் போய் நின்று புது வளைகளைப் பார்ப்பான். ஒவ்வொன்றின் மீதும் எரிச்சல் வரும். ஒவ்வொன்றின் வாயிலும் விழுந்து கிடக்கும் சருகை எடுத்துப் போடுவான்.

அடுத்த ஆடியில் ஹெப்சிபா வீட்டுக்கு வந்தாள். கனி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியை வெளியே போட்டான்.

“ஆவணியில கணக்கெடுப்பு,” என்றாள். “போன மாசம் வரைக்கும் எனக்குச் சந்தேகமே இல்ல. கவலை குறைந்த இனம்னுதான் வரும்னு அக்காகிட்டயும் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. எப்ப எடுப்பீங்கன்னு மட்டும் கேட்டாங்க.” அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “ஆனா இப்ப வடக்குச் சரிவுல பொட்டெல்லாம் அணைஞ்சுக்கிட்டே வருது. நேத்து போய்ப் பார்த்தேன். யாரோ தட்டி நட்டிருக்காங்க. புதுத் தட்டி. வளையெல்லாம் மூடிக்கிடக்கு.”

அவன் எழுந்தான்.

“கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. வாரியத்துல உங்களைத்தான் சந்தேகப்படுறாங்க. நீங்க என்கிட்ட வந்து என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால நானே வந்தேன்.”

“நான் ஒண்ண கொன்னேன்,” என்றான். “ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் வளத்திருக்கேன்.”

“அப்ப யாரு?”

அவன் செருப்பைக்கூட மாட்டாமல் அருஞ்சுனையின் தோட்டத்துக்கு நடந்தான். அருஞ்சுனை கிணற்றிலிருந்து மணல் வாரிக்கொண்டிருந்தான்.

“தட்டி நட்டியாலே?”

“எங்க?”

“வடக்குச் சரிவுல.”

அருஞ்சுனை மண்வெட்டியை ஊன்றி நின்றான். ரொம்ப நாள் கழித்துப் பேசக் கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது.

“நான் நட்டா எங் கிணத்துக்கு மேக்கல்லா நடுவேன்! வடக்க நட்டு எனக்கு என்ன வே லாபம்?” கையை உதறினான். “அந்தத் தட்டிய நானும் பாத்தேன். ஒழுங்கா முடையத் தெரியாத ஆளு. பாதி சாஞ்சு கெடக்கு. நம்ம ஊருல அப்படி ஒரு ஆம்பள தட்டி கட்டுனா எல்லாரும் சிரிக்க மாட்டாவளா?”

சுயம்பு திரும்பி நடந்தான். பாதி வழியில் நடை மெதுவானது.

மறுநாள் விடியும்போது வீட்டில் அவள் இல்லை. பல்லிகளுக்கு அது வளை திரும்பும் நேரம். வடக்குச் சரிவுக்குப் போனான்.

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓலைக் கட்டு. தட்டிகள் கோணல்மாணலாக மேலே போயின. ஒரு குச்சியை இரண்டு கையாலும் மணலில் இறக்கினாள். இறங்க இறங்க அவள் முதுகு வளைந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சை வாங்கிக்கொண்டு அடுத்த குச்சியை எடுத்தாள்.

அவன் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

“நீதானா?”

“நாந்தான்.”

“வலிக்கலியா?”

“வலிக்கு.” அவள் முகம் வேர்த்திருந்தது. கண்ணீரும் இருந்தது. “உள்ள மாட்டிக்கிட்டதுக மூச்சு முட்டிக் கெடக்கு. இங்க.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

“பொறவு ஏன்?”

“பெருகிட்டா எடுத்துருவாங்கன்னா அந்த டாக்டரு. பெருகாம இருந்தா வச்சுக்கிடலாம்லா.”

“அதுகள காப்பாத்த வந்தவ நீ.”

“ஆமா.” குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள். “பாதி போனாலும் பாதி இருக்கும், அத்தான். எனக்குப் பாதி போதும்.”

காற்று எழத் தொடங்கியது. தட்டிகளின் பின்னால் மணல் சரசரவென்று சேர்ந்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

“நீங்க அதுகளுக்காகவா வளத்திய?” என்றாள். “என்னையப் பிடுங்கத்தானே வளத்திய. நீங்க செஞ்சா நல்லது, நான் செஞ்சா பாவமா?”

அவன் எத்தனையோ முறை மனதுக்குள் அவளோடு சண்டை போட்டிருக்கிறான். எல்லாவற்றிலும் அவள் நல்லவள். அவன்தான் பொறாமைக்காரன். இப்போது எதிரே உட்கார்ந்திருந்தவளை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. தன்னைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது. அவள்மேல் அவனுக்கு இரக்கம் வந்தது. அதைவிடப் பெரிதாக, இவள் தனக்காக என்றைக்காவது இப்படி ஒரு தப்பு செய்திருப்பாளா என்ற கேள்வி வந்தது.

அவன் குனிந்து கீழ்த் தட்டியைப் பிடுங்கினான்.

தேங்கியிருந்த மணல் அசைந்து, உடைந்து, வழிந்தது. அடியில் ஒரு வளை வாய் திறந்தது. பிறகு இன்னொன்று.

கனியின் தோள் இறங்கியது. மூச்சு நீளமாக வெளியே வந்தது.

“வேண்டாம்,” என்றாள்.

அவன் அடுத்ததைப் பிடுங்கினான். அவள் கண் மூடியது. புருவத்துக்கு நடுவே இருந்த முடிச்சு அவிழ்ந்தது. வேண்டாம் என்று மறுபடி சொல்ல வந்த வாய், சொல்லாமல் திறந்தபடி நின்றது.

அவன் கை தட்டியிலேயே இருந்தது. அவளைப் பார்த்தான். முதல் வருடத்துக்குப் பிறகு அந்த முகத்துக்கு அவன் காரணமாக இருந்ததில்லை. இப்போது காரணம் அவன் கை.

ஆவணியில் கணக்கெடுப்பு முடியும். காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டை ஹெப்சிபா எடுத்துவிடுவாள். கனி வீட்டுக்கு வருவாள். அதன் பிறகு அவன் மணலில் என்ன செய்தாலும் அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது தட்டியைப் பிடுங்கினான். அவள் உடம்பு மணலில் சாய்ந்தது. தலை அவன் பாதத்தின் அருகே கிடந்தது.

“நிறுத்தவா?” என்றான்.

அவள் கண் திறந்து மேலே பார்த்தாள். தட்டி வரிசை மணல்மேட்டின் உச்சிவரை போனது. வெயில் அங்கே ஏறியிருந்தது.

“இன்னும் ஒண்ணு,” என்றாள்.

அவன் அடுத்ததை மெதுவாகப் பிடுங்கினான்.